களை ஆய்வாளர் ஹோஸ்கிங்கும் பதினோராவது பெயரும்

மெர்வின் ஹோஸ்கிங் தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்துக்கொண்ட மனிதர். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

வைமோரே நகரசபையில் அவர் களை ஆய்வாளர். எங்கள் ஊரைச் சுற்றிக் குன்றுகள், குன்றெல்லாம் கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முள்செடி. முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தபோது வேலிக்கு ஆகுமென்று ஆசை ஆசையாகக் கொண்டுவந்தது. வேலியே பயிரை மேயும் என்பார்களே, எங்கள் ஊரில் அது பழமொழி இல்லை, நிலவரம். யார் நிலத்தில் களை இருக்கிறதோ அவர்தான் வெட்ட வேண்டும் என்பது சட்டம். ஹோஸ்கிங் சைக்கிளில் போவார், பார்ப்பார், பதினான்கு நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுப்பார். மாமியாருக்குக் கொடுத்தார். தான் ஞாயிறுதோறும் போகிற மெதடிஸ்ட் கோயிலுக்குக் கொடுத்தார். மேயர் ஸ்டப்ஸுக்கு அவருடைய பின்பக்க நிலத்துக்காக ஒரே வருடத்தில் இரண்டு கொடுத்தார்.

அந்த நோட்டீஸ்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். ஒருநாள் வந்த தாளைப் பார்த்துத் திகைத்தேன். அனுப்புநர் மெர்வின் ஆர்தர் ஹோஸ்கிங். பெறுநரும் மெர்வின் ஆர்தர் ஹோஸ்கிங்.

"என்ன மிஸ்டர் ஹோஸ்கிங், கிண்டலா?"

"கிண்டல் என்ன இருக்கு மிஸ் ராப்சன்? என் உருளைக்கிழங்குப் பாத்தியில ஒரு களை இருந்துச்சு."

"புடுங்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"புடுங்கியாச்சு. ஆனா எனக்கு நோட்டீஸ் இல்லேன்னா, நாளைக்கு மேயர் வீட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார். ஊர் ஒரு வாரம் சிரித்தது. அப்போது சிரிக்க நேரம் இருந்தது. அடுத்த மாதம் போர் வந்துவிட்டது.

மேயர் ஸ்டப்ஸ் தொழிலில் இறைச்சிக் கடைக்காரர். முந்தைய போரில் ராணுவ முகாம்களுக்கு ஆட்டிறைச்சி கொடுத்தவர். அதாவது நாட்டுக்காகத் தன் ஆடுகளின் ரத்தத்தைச் சிந்தியவர். இந்தப் போருக்கு அவர் வயது ஐம்பத்தெட்டு, எடை அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். கூப்பிட மாட்டார்கள் என்று உறுதியானதும் வீரம் பொங்கிவிட்டது. நகரசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊழியர்கள் எல்லோரும், அழைத்தால் ஆயுதம் ஏந்துவேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாட்டேன் என்பவர் போர் முடியும்வரை சம்பளமில்லாமல் விலகியிருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் பார்க்கிற அறுபத்தைந்து வயது ஆள் போட்டார். கல்லறை காவலாளி போட்டார். நானும் போட்டேன், என் கையில் ஆயுதத்தைக் கொடுத்தால் முதலில் எங்கள் செயலாளர் பெட்டிஃபருக்குத்தான் ஆபத்து என்பது வேறு விஷயம். ஹோஸ்கிங் போடவில்லை.

"ஏன்யா?" என்றார் மேயர்.

"'கொலை செய்யாதே'ன்னு பைபிள்ல இருக்குதுங்க."

"எங்க பைபிள்லயும் அதுதான்யா இருக்கு!"

"உங்களுதுல கீழ ஏதாச்சும் அடிக்குறிப்பு போட்டிருக்கானா? என்னோடதுல இல்லைங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

மேயரின் முகம் அவர் கடையில் தொங்குகிற ஈரல் நிறத்துக்கு வந்தது. கூட்டக் குறிப்பில் நான் "உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர்" என்று எழுதினேன்.

இங்கேதான் பெட்டிஃபர் வருகிறார். நகரசபைச் செயலாளர், தாள் தட்டுப்பாட்டுக் காலத்தில் தாளுக்கென்றே பிறந்த மனிதர். ராணுவத்தில் சேர்ந்து போகிறவர்களுக்காக "போர் காரணமாகப் பணி நீங்கல்" என்று நூறு படிவம் அச்சடித்து வைத்திருந்தார். ஹோஸ்கிங்குக்கென்று தனிப் படிவம் அடிக்கத் தாள் இல்லை.

"போர் காரணமாத்தானே போறாரு? இதுவே போதும். நீங்க தட்டச்சு பண்ணுங்க மிஸ் ராப்சன், யோசிக்காதீங்க. யோசிக்கிறது உங்க வேலை இல்ல" என்றார். இதை அவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். அந்தப் படிவம் போய்ச் சேர்ந்ததும் தேநீர் அறை மிஸஸ் லூகாஸ் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுடுவார். காலை பத்தரைக்கு எல்லோரும் கூடி, போகிறவரைப் புகழ்ந்து பாடி, ஒரு கம்பளிப் போர்வை கொடுத்து அனுப்புவோம். படிவம் ஹோஸ்கிங் பெயரில் வந்தது. மிஸஸ் லூகாஸ் படிவத்தை மதிக்கிறவர். சுட்டுவிட்டார்.

பத்தரைக்கு எல்லோரும் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. தேநீர் அறைச் சுவரில் ஆளுக்கொரு கொக்கி, கொக்கியில் அவரவர் கோப்பை. ஹோஸ்கிங்கின் கொக்கி காலி. அவர் நிதானமாகத் தேடினார். கழுவுதொட்டிக்கு அடியில், தரை துடைக்கிற கந்தலுக்குள் கிடந்தது. எடுத்தார், கழுவினார், தானே தேநீர் ஊற்றிக்கொண்டார். இரண்டு ஸ்கோன் சாப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு மிஸஸ் லூகாஸ். உப்பு அளவா இருக்கு."

மிஸஸ் லூகாஸ் முறைப்படி கம்பளியையும் நீட்டினார். ஹோஸ்கிங் மறுப்பாகத் தலையசைத்தார். "அது போருக்குப் போறவங்களுக்கு. எனக்கு வேண்டாம்."

நான் என் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். என் அண்ணன் ரெக்ஸ் அப்போது எகிப்துக்குப் போகிற கப்பலில் இருந்தான். அண்ணன் கடலில், இவர் ஸ்கோனில் என்று எனக்கு வயிறு எரிந்தது. கெட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவருக்கு ஒரு வாய் தேநீர் ஊற்றிக் கொடுக்கவில்லை. இதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். கோப்பையைக் கந்தலில் போட்டவன் யாரென்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் யாரென்று அதைவிட நன்றாகத் தெரியும்.

மறுவருடம் ஹோஸ்கிங்குக்குப் படையில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. மறுத்து, மேல்முறையீட்டுக் குழு முன்னால் நின்றார். மூன்று பெரியவர்கள், மூன்று மீசைகள்.

"நீ களைகள விஷம் வச்சுக் கொல்றவன்தானே? அப்ப கொல்றதுல உனக்கு என்ன ஆட்சேபம்?"

"கோர்ஸுக்கு அம்மா கிடையாதுங்க."

"சரி, ஒரு ஜெர்மன்காரன் உன் வீட்டுக்குள்ள பூந்து உன் பெண்டாட்டி மேல கைய வைக்கிறான். என்ன பண்ணுவே?"

"நீங்க ஐவியப் பாத்ததில்லைங்க. நான் ஜெர்மன்காரனைத்தான் காப்பாத்த வேண்டியிருக்கும்."

ஐவி பின்வரிசையிலிருந்து "உண்மைதான்" என்றார். மனு தள்ளுபடி.

தடுப்பு முகாமில் நாலரை வருடம் போட்டார்கள். கொல்ல மறுத்த ஆளுக்குக் கடுமையான தண்டனையாக அரசாங்கம் யோசித்து யோசித்து என்ன கொடுத்தது தெரியுமா? காலையிலிருந்து மாலைவரை கோர்ஸ் வெட்டுகிற வேலை. "இங்கே மண் இளகல், வேர் சுலபமாக வருகிறது" என்று ஐவிக்குக் கடிதம் எழுதினார்.

தண்டனை உண்மையில் ஐவிக்குத்தான். கடையில் அவர் முறை எப்போதும் கடைசியில் வந்தது. மேயர் கடையில் கொழுப்பு மட்டும் மிச்சமிருந்தது. படைவீரர்களுக்கு அவர் பின்னிக்கொடுத்த காலுறைகளை மாதர் சங்கம் திருப்பி அனுப்பியது. "இதப் போட்டுக்கிட்டா நம்ம பசங்க ஓட ஆரம்பிச்சுடுவாங்க" என்று சங்கத் தலைவி சொன்னதாகக் கேள்வி. ஐவி அந்தக் காலுறைகளை எல்லாம் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் ராத்தல் ராத்தலாகத் துணி துவைக்கும்போது தானே போட்டுக்கொண்டார். ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். மெர்வின் திரும்பி வந்து அந்தச் சைக்கிளில் ஏறி, பழைய வேலைக்குப் போக வேண்டும். தெருவில் நாலு பேர் தொப்பியைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே நகரசபையில் களை ஆய்வாளராக மேயரின் அக்கா மகன் டெஸ்மண்ட் வந்தான். தட்டைப் பாதம் என்று ராணுவம் அவனைத் திருப்பியிருந்தது. அதே பாதத்தோடு குன்று ஏற முடியுமா? முடியவில்லை. அலுவலக ஜன்னல் வழியாகவே ஆய்வு செய்தான். கோர்ஸ் செடிக்கு அது பொற்காலம்.

போர் முடிந்தது. ரெக்ஸ் இரண்டு விரல் குறைந்து திரும்பி வந்தான். நகரசபை முகப்பில் வைக்க ஒரு ரிமு மரப் பலகை செய்யச் சொன்னார் மேயர். "நாட்டின் அழைப்பை ஏற்றுச் சென்ற நம் ஊழியர்கள்" என்று மேலே. கீழே அகர வரிசையில் தங்க எழுத்துப் பெயர்கள். கூடவே ஒரு தீர்மானம்: பலகையில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் பழைய வேலை கட்டாயம் திரும்பக் கிடைக்கும்.

பெட்டிஃபர் ஒரு ஃபைலைத் தூக்கி என் மேஜையில் போட்டார். "பணி நீங்கல் படிவம் எல்லாம் இதுல இருக்கு. வரிசையாப் பேரு அடிங்க."

இருபத்துமூன்று படிவங்கள். பதினோராவது ஹோஸ்கிங். என் விரல் நின்றது. கழுவுதொட்டிக்கு அடியில் குனிந்து கோப்பையைத் தேடிய முதுகு கண் முன்னால் வந்தது. எழுந்து போய்ப் பெட்டிஃபரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் யோசிப்பது என் வேலை இல்லை என்று அத்தனை வருடம் படித்துப் படித்துச் சொன்ன மனிதரின் மனதைப் புண்படுத்தலாமா? அடித்தேன். பெட்டிஃபர் எண்ணிப் பார்த்தார். இருபத்துமூன்று படிவம், இருபத்துமூன்று பெயர். கையெழுத்திட்டார்.

ஏப்ரல் இருபத்தைந்து, போருக்குப் போனவர்களை நினைவுகூர்கிற அன்சாக் நாள். ஊரே நகரசபை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. மேயர் பட்டியலைக் கையில் வாங்கி, கோயில் மணி மாதிரி ஒரே சுருதியில் படித்துக்கொண்டே போனார். "ஹாலம், எட்வர்ட். ஹோஸ்கிங், மெர்வின் ஆர்தர். ஜெஸப், நார்மன்." கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஜெஸப் வந்தபோதுதான் மேயரின் குரல் ஒரு நொடி தடுக்கியது. அதற்குள் ஹோஸ்கிங் வீரராகிவிட்டார்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? மேயர் தப்பாகப் படித்தார் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. ஹோஸ்கிங் முகாமிலிருந்து மனம் திருந்திப் படைக்குப் போயிருக்கிறார் என்று வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமைக்குள் ரகசியப் பணி என்றாகிவிட்டது. திங்கட்கிழமை அவர் பாராசூட்டில் இறங்கினார். மாதர் சங்கத் தலைவி ஐவியைத் தேநீருக்கு அழைத்தார். மேயர் கடையில் ஐவிக்குக் கையளவு பருமனில் சாஸேஜ் கிடைத்தது. "எல்லாருக்கும் திடீர்னு என்ன ஆச்சு மிஸ் ராப்சன்?" என்று என்னைக் கேட்டார் ஐவி. நான் தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஹோஸ்கிங்கை விடுதலை செய்தார்கள். வந்த மறுநாளே மேயர் கூப்பிட்டனுப்பினார். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். முகாம் அவரை மெலியவைத்திருந்தது, கைகள் மட்டும் முள் குத்திக் குத்தி மரப்பட்டை நிறத்தில் இருந்தன.

"ஹோஸ்கிங், நடந்தது நடந்துபோச்சு. பலகையில உம்ம பேரு இருக்கு. நான் படிச்சேன், ஊரே கேட்டுச்சு."

"பாத்தேங்க. அது தப்புங்க."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். நான் போகலைங்களே."

"நீர் போனீரா இல்லையான்னு நான் கேட்டனாய்யா? திங்கக்கிழமை வேலைக்கு வாரும். என் பின்பக்க நிலத்துல கோர்ஸ் ஆளுயரம் நிக்குது. டெஸ்மண்ட் அதப் பூந்தோட்டம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

பெட்டிஃபர் படிவத்தை நீட்டினார். மறுபணிக்கும் ஒரே படிவம்தான் அச்சடித்திருந்தார். முதல் வரி: "போர்ப்பணி முடித்துத் திரும்பியுள்ள நான்…"

"கீழ கையெழுத்து மட்டும் போடுங்க ஹோஸ்கிங். மேல இருக்கறத யாரு படிக்கப்போறா?"

"நான் படிச்சுட்டேனே."

பத்து நிமிடம் அவகாசம் கேட்டுப் படிவத்தோடு வெளியே வந்தார். பின்னாலேயே நான் ஓடினேன். முகப்பில், பலகைக்குக் கீழே பெஞ்சில் ஐவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா மிஸ்டர் ஹோஸ்கிங்?" என்றேன். எனக்கு வந்த கோபம் ஸ்டப்ஸ் மேல்கூட வந்ததில்லை. "அந்தப் பேர அடிச்சது நான். தெரிஞ்சேதான் அடிச்சேன். தெரியுதா? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கிறுக்கல்! சும்மா போற ஓணான எடுத்து ஏன் மடியில கட்டிக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "அந்த ஸ்கோன் நாளுக்காகவா?"

நான் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தேன்.

"அதுக்கு இவ்வளவு பெரிய பலகை எதுக்கு மிஸ் ராப்சன்? ஒரு கப் டீ போதுமே."

பிறகு ஐவி பக்கம் திரும்பினார். ஐவி படிவத்தை வாங்கி முதல் வரியைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஒத்தக் களைக்குத் தனக்கே நோட்டீஸ் குடுத்த ஆளு நீ. இதுல நீ கையெழுத்துப் போடுவேன்னு நான் ஒரு நிமிஷம்கூட நெனக்கல மெர்வின்" என்றார். கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். "ஆனா ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன்."

ஹோஸ்கிங் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தேநீர் அறைக்குப் போனேன். பத்தரை மணி, எல்லோரும் இருந்தார்கள். கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து ஹோஸ்கிங்கின் கோப்பையை எடுத்தேன். ஸ்கோன் நாளன்றே யாரோ அதை மறுபடி அங்கே போட்டிருந்தார்கள், ஆறு வருடமும் அங்கேதான் கிடந்தது. தேய்த்துக் கழுவி, தேநீர் ஊற்றி, அத்தனை பேர் கண் முன்னாலும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ஐவிக்கு என் கோப்பையில் கொடுத்தேன். ஹோஸ்கிங் குடித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். முதல் வரியைக் கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: "நான் போருக்குப் போகவில்லை. எனக்கு என் வேலை வேண்டும்."

அடுத்த கூட்டத்தின் தீர்மானத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். "திரு ஹோஸ்கிங்கின் நேர்மையைச் சபை ஒருமனதாகப் பாராட்டுகிறது. தற்சமயம் பணியிடம் காலியில்லை." ரெக்ஸ் மட்டும் தன் மூன்று விரல் கையை மேயர் மேஜைமேல் வைத்து, "நாங்க என்னத்துக்குய்யா சண்ட போட்டோம்? அந்தாள விட உம்ம மருமான் ஒசத்தியா?" என்று கத்திவிட்டு வந்தான். "போரின் பாதிப்பு, பாவம்" என்றார் மேயர்.

பதினோராவது பெயரின் மேல் பழுப்பு வார்னிஷ் அடித்தார்கள். சாஸேஜ் பழைய பருமனுக்கு வந்தது. தொப்பியைத் தொட்டவர்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். ஹோஸ்கிங் குன்றுகளில் விவசாயிகளுக்கு நாள்கூலிக்குக் கோர்ஸ் வெட்டினார். மேயரின் பின்பக்க நிலத்துக்கும் கூப்பிட்டார்கள், போனார், வேரோடு எடுத்துக் கொடுத்தார். நானானால் ஒரு வேரையாவது விட்டுவிட்டு வந்திருப்பேன்.

வருடங்கள் போயின. ஸ்டப்ஸ் போனார், பெட்டிஃபர் போனார். பலகையில் ஹாலமுக்கும் ஜெஸப்புக்கும் நடுவே அந்தப் பழுப்பு இடைவெளி மட்டும் இருந்தது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள், தெரிந்தவர்கள் மழுப்புவார்கள். மழுப்ப மழுப்ப அதற்கு ஒரு மதிப்பு ஏறியது. அன்சாக் நாளில் நினைவுக்காகக் குத்துகிற சிவப்புத் துணிப் பூக்களை அந்த இடைவெளிக்கு நேராகத்தான் அதிகம் குத்தினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மேயர், இளம் மனிதர், பலகை முன்னால் நின்று உருக்கமாகப் பேசினார். "இதோ, பெயர்கூட இல்லாத இந்த ஒருவர். இவருக்கு நாம் கொடுத்தது ஒரு வெற்றிடம். இவர் எல்லாவற்றையும் இழந்தார். எதையும் கேட்கவில்லை." பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில் ஹோஸ்கிங் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஒருபக்கம் ஐவி, ஒருபக்கம் நான். அவர் கால் முன்னால் நகர்வதைப் பார்த்ததும் கோட்டுக் கையை எட்டிப் பிடித்தேன்.

"எங்க போறீங்க?"

"அவரு தப்பாச் சொல்றாரு."

"தப்பு இல்ல. ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சுப் பாருங்க. பேரு இல்ல, சரிதானே? எல்லாத்தையும் எழந்தீங்க, சரிதானே? விடுங்க மிஸ்டர் ஹோஸ்கிங். ஒரு தடவையாவது விடுங்க."

அவர் யோசித்தார். நோட்டீஸில் கையெழுத்திடுவதற்கு முன்னால் படிப்பாரே, அதே நிதானம். உதடு அசைந்தது.

"'எதையும் கேக்கல'ங்கறாரே" என்றார். "நான் வேலையக் கேட்டனே."

ஐவி முன்பே ஒதுங்கி வழிவிட்டிருந்தார். நான் கோட்டுக் கையை விட்டேன்.